ஒரே கரை, மூன்று விடியல்: ஐஸ்லாந்தில் எட்டு நாள்

முதல் நாள்

கெஃப்லாவிக் விமான நிலையத்தில் வாடகைக் காரின் சாவியைக் கொடுத்தவர் வேறு எதையும் பெரிதாக விளக்கவில்லை. "கதவைத் திறக்கும்போது கையை எடுத்துவிடாதீர்கள்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். இங்கே அடிக்கும் காற்று திறந்த கதவை அப்படியே முன்பக்கமாக மடக்கிவிடுமாம். வண்டியைக் காற்று வரும் திசையைப் பார்த்து நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். அக்கா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அவள்தான் ஓட்டப்போகிறாள். என் மடியில் கேமரா.

கையில் எட்டு நாள் இருக்கிறது. தீவைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலை 1,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தெற்கில் ஆரம்பித்து, கிழக்குக் கரையோரம் ஏறி, வடக்கில் மீவாட்ன் ஏரியைப் பார்த்துவிட்டு, மேற்கு வழியாகத் திரும்புவதாகத் திட்டம். பதினேழு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எதற்குக் காலை வெயில், எதற்கு மாலை வெயில் என்பதுவரை எழுதியாயிற்று.

அக்டோபர் முதல் வாரத்தில் வந்ததற்குக் காரணம் சூரியன். இந்த மாதத்தில் இங்கே உச்சிவேளையில்கூட அது அடிவானத்திலிருந்து 25 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அதிகாலையிலும் அந்தியிலும் மட்டும் கிடைக்கக்கூடிய சாய்ந்த வெயில் பகல் முழுக்க விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு புல் தாளுக்குக்கூட நீளமான நிழல். நிலக்காட்சியில் பாதி வேலையைச் செய்வது நிழல்தான். நிழல் விழாத மலை எவ்வளவு உயரமாக இருந்தாலும் படத்தில் தட்டையாகவே வரும்.

சாயங்காலம் செல்யாலண்ட்ஸ்ஃபாஸ் அருவி. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அருவி விழும் பாறைச் சுவர் ஒரு காலத்தில் கடலோரமாக இருந்தது. இப்போது கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அருவிக்குப் பின்னால் பாறை குடைந்துபோய் ஒரு நடைபாதை அளவுக்கு இடம் இருக்கிறது. உள்ளே போய் நின்றால் தண்ணீர்த் திரைக்கு அந்தப்பக்கம் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம்.

உள்ளே போனதுமே சாரல். லென்ஸில் ஒரு துளி விழுந்தாலும் எதிர்வெயிலில் அது பெரிய வெள்ளை வட்டமாகிவிடும். நான் லென்ஸைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் பிடித்திருப்பேன். அக்கா "ம்" என்பாள். நிமிர்த்தி, துணியால் ஒரு துடை, மூன்று படம், மறுபடி கவிழ்ப்பு. மூன்று படம் ஏன் என்றால், உள்ளே குகை இருட்டு, வெளியே கண்ணைக் கூசும் வெளிச்சம். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் அடங்காது. வெளிச்சத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று, நடுவாக ஒன்று எடுத்துப் பின்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாற்பது நிமிடத்தில் ஐந்து துணிகள் நனைந்தன. சுத்தமான படம் ஒரு ஆறு தேறும். பதினேழில் ஒன்று முடிந்தது.

இரண்டாம் நாள்

காலையில் ஸ்கோகாஃபாஸ். இதுவும் 60 மீட்டர்தான், ஆனால் 25 மீட்டர் அகலத்துக்கு ஒரே பலகையாக இறங்குகிறது. வெயில் வந்ததும் அடியில் வானவில் விழுந்தது. நமக்குப் பின்னால் சூரியன், முன்னால் சாரல், நடுவில் 42 பாகைக் கணக்கு. அவ்வளவுதான் வானவில். நாம் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். அதனால் அருவியின் எந்த இடத்தில் வானவில் நிற்க வேண்டுமோ, அதற்கேற்ற மாதிரி நாம்தான் நடந்துபோய் நிற்க வேண்டும். லென்ஸில் போலரைசர் (சில ஒளியை மட்டும் உள்ளே விடும், திருப்பக்கூடிய கண்ணாடி) போட்டிருந்தால் இன்னொரு விஷயம்: அதை ஒரு பக்கம் திருப்பினால் வானவில் அப்படியே மறைந்துபோகும், இன்னொரு பக்கம் திருப்பினால் நிறம் கனக்கும். அக்காவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்று நான்கு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மதியத்துக்கு மேல் ரெய்னிஸ்ஃப்யாரா. கறுப்பு மணல் கடற்கரை. எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி வெடித்து உண்டான கற்தூண்கள், குழல் குழலாக அடுக்கி வைத்தது போல. கடலுக்குள் ரெய்னிஸ்ட்ராங்கர் என்ற பாறைக் கூர்கள் நிற்கின்றன. கப்பலை இழுத்துக்கொண்டு வந்த பூதங்கள் விடிந்துவிட்டதால் கல்லாகிப் போயின என்று இங்கே கதை சொல்கிறார்கள்.

இந்தக் கரையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அலை இங்கே ஆளைக் கொன்றிருக்கிறது, ஒரு தடவை அல்ல. பத்து அலை சாதுவாக வந்து போகும். பதினொன்றாவது அவற்றைவிட இருபது முப்பது மீட்டர் கூடுதலாக ஏறி வரும். இழுத்துக்கொண்டு போகும்போது காலடி மணலையும் சேர்த்து உருவும். எச்சரிக்கைப் பலகையும் நிற விளக்கும் வைத்திருக்கிறார்கள். கேமராவைத் தாங்கும் முக்காலியான ட்ரைபாடை விரித்துவிட்டால் கண் வ்யூஃபைண்டரில் போய்விடும், கடல் மறந்துபோகும். அதனால் நாங்கள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். நான் படம் எடுக்கும்போது அக்கா கடலை மட்டுமே பார்ப்பாள். அவள் "வா" என்றால் ஏன் என்று கேட்காமல் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். இரண்டு தடவை "வா" சொன்னாள். இரண்டாவது தடவை நான் நின்றிருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை போயிற்று.

வெளிச்சத்தைக் குறைக்கும் அடர் கண்ணாடியான என்டி ஃபில்டர் போட்டு முப்பது வினாடி ஷட்டரைத் திறந்து வைத்தால் கடல் பால் போலவும் பனிமூட்டம் போலவும் வரும். அப்படி எடுத்த படங்கள் ஏராளம். எனக்கு இந்தக் கரையில் அது ஒப்பவில்லை. அந்தப் படத்தைப் பார்ப்பவர் இதை அமைதியான கடல் என்று நினைத்துவிடுவார். அரை வினாடி போதும். அலை திரும்பிப் போகும்போது கறுப்பு மணலில் வெள்ளைக் கோடுகளாகக் கீறிக்கொண்டு போவது அரை வினாடியில் அப்படியே பதிகிறது. கடல் இழுக்கிறது என்பது தெரிகிறது.

மூன்றாம் நாள்

நாள் முழுக்க மழையும் சாலையும். வீக் ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் எல்ட்ராய்ன் எரிமலைக் குழம்பு வெளி. 1783-இல் லாக்கி பிளவு வெடித்து எட்டு மாதம் கக்கியது. அந்தக் கரடுமுரடான குழம்பின் மேல் இப்போது கணுக்கால் புதையும் பாசி. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் எடுத்து வளர்ந்தது. ஒரு காலடி பட்டாலே தடம் பல வருடம் மறையாது என்பதால் நாங்கள் போட்டிருக்கும் பாதையை விட்டு இறங்கவில்லை. மேகமூட்டம்தான் பாசிக்கு ஏற்ற வெளிச்சம். வெயில் அடித்தால் பச்சை வெளுத்துவிடும். ஈரத்தில், மங்கலான ஒளியில், ஒரே பச்சைக்குள் எத்தனை பச்சை.

அப்புறம் ஃபியாட்ரார்க்ளியூஃபூர் பள்ளத்தாக்கு. ஒரேயடியாகக் கூட்டம் குவிந்து ஓரத்துப் பசுமை மிதிபட்டதால் 2019-இல் மாதக்கணக்கில் இதை மூடி வைத்தார்கள். இப்போது நடைபாதையும் பார்வை மேடையும் இருக்கின்றன. மேடையிலிருந்து எல்லோருக்கும் கிடைக்கும் படம்தான் எனக்கும் கிடைத்தது.

ஸ்கெய்டாரார்சாண்டூர் சமவெளியில் முறுக்கிக்கிடக்கும் இரண்டு இரும்பு உத்தரங்களைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். 1996-இல் வாட்னாயோக்குல் பனிப்பாளத்துக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் சில வாரம் தேங்கி நின்று, பிறகு ஒரே நாளில் பாய்ந்து வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போனது. வீடு அளவுக்குப் பனிக்கட்டிகள் வந்து மோதினவாம். அக்கா உத்தரத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். அவள் கை அந்த இரும்பின் மேல் இருக்கும் படம்தான் இன்று எடுத்ததில் எனக்குப் பிடித்தது. குறித்து வைத்த பதினேழில் அது இல்லை.

நான்காம் நாள்

இருட்டிலேயே கிளம்பி யோக்குல்சார்லோன் வந்துவிட்டோம். பனியாறு உருகிப் பின்வாங்கிய இடத்தில் உண்டான ஏரி. 1930-களில் உருவாக ஆரம்பித்தது, இப்போது 25 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆழம் சுமார் 250 மீட்டர். பிரெய்டாமெர்க்குர்யோக்குல் என்ற பனியாற்றின் முனையிலிருந்து பாளம் பாளமாக உடைந்து ஏரியில் மிதக்கிறது. ஏரியையும் கடலையும் இணைப்பது குட்டையான ஓர் ஆறு, அதன் மேல் நம் ஒன்றாம் எண் சாலைப் பாலம். பனிக்கட்டிகள் அந்த ஆறு வழியாகக் கடலுக்குப் போகின்றன. கடல் அவற்றைத் திருப்பிக் கறுப்பு மணலில் எறிகிறது. வைரக் கடற்கரை என்று எல்லோரும் சொல்வது இந்த இடத்தைத்தான்.

ஏழு மணியை ஒட்டிச் சூரிய உதயம். கரையில் எனக்கு முன்பே முப்பது பேர் ட்ரைபாடோடு நின்றிருந்தார்கள். நானும் ஒரு பனிக்கட்டியைப் பிடித்தேன். பின்னால் சூரியன், முன்னால் கண்ணாடி மாதிரிக் கட்டி, சுற்றி அலை வடிந்து போகும் கோடுகள். கடல் ஏறிக்கொண்டே இருந்தது. கட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஒரு மணி நேரத்தில் கரை குறுகி, கட்டிகள் பாதியாகி, நானூறு படம் ஆகிவிட்டது.

ட்ரைபாட் கால்களில் மணலும் உப்பும் ஏறி, ஒரு கால் உள்ளே போக மறுத்தது. இரவு தங்குமிடத்தில் மூன்று கால்களையும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தேன். கடற்கரையில் படம் எடுப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. கறுப்பு மணல் எரிமலைப் பாறைத் துகள். உப்புத்தாள் போலத் திருகைத் தேய்த்துவிடும்.

நாளை வடக்கே கிளம்ப வேண்டும்.

ஐந்தாம் நாள்

கிளம்பவில்லை. விடியும்போதே ஜன்னல் அதிர்ந்தது. வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. மஞ்சளுக்கு அடுத்தது, சிவப்புக்கு முந்தியது. சாலையை இரண்டு பக்கமும் மூடிவிட்டார்கள். ஸ்கெய்டாரார்சாண்டூர் மாதிரியான மணல்வெளிகளில் இந்தக் காற்று மணலை வாரி அடித்தால் காரின் பெயிண்ட் உரிந்துவிடும், கண்ணாடி மங்கிப்போகும்.

சரி, எடுத்ததைப் பார்க்கலாம் என்று நேற்றைய நானூறு படங்களைத் திறந்தேன். நன்றாகத்தான் இருந்தன. ஃபோகஸ் சரி, வெளிச்சம் சரி, அலைக்கோடு சரி. அக்கா தேநீரோடு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அப்புறம் சாப்பாட்டு அறைச் சுவரைக் காட்டினாள். அங்கே பெரிய சட்டத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. பின்னால் சூரியன், முன்னால் கண்ணாடிக் கட்டி, வடியும் அலை.

"இதுவும் உன் படம் மாதிரியே இருக்குல்ல?" என்றாள்.

பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. சுவரிலிருந்ததை யார் எப்போது எடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அதைப் பார்த்துத்தான், அல்லது அது மாதிரி நூறு படங்களைப் பார்த்துத்தான், நான் இந்த ஊருக்கு வந்தேன். நேற்றுக் கரையில் நான் தேடியதும் அந்தப் படத்தைத்தான். அது கிடைத்ததும் நிறுத்திவிட்டேன். கரையில் வேறு என்ன இருந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை. என்ன நிறம், என்ன சத்தம், கட்டிகள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தன, எதுவும் ஞாபகம் இல்லை.

குறித்து வைத்த பதினேழு இடத்துக்கும் இதே கதைதான் நடந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது. வடக்கே அறுநூறு எழுநூறு கிலோமீட்டர் ஓட்டி, ஓர் இடத்துக்கு ஒரு மணி நேரம் என்று அந்தப் படங்களைச் சேகரித்துக்கொண்டு வர வேண்டும்.

மதியம் அக்காவிடம் கேட்டேன். "வடக்கே போகாம இங்கேயே இருந்துட்டா உனக்கு வருத்தமா இருக்குமாக்கா?"

"எனக்கு இந்த ஏரி இன்னும் பார்த்து முடியல" என்றாள்.

அறையை இன்னும் மூன்று இரவுக்கு நீட்டித்தோம். அலை ஏற்ற இறக்க அட்டவணையை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். நேற்று விடியும்போது கடல் ஏறிக்கொண்டிருந்தது. கடல் வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. கணக்குப் போட்டால் நாளை சூரியன் எழும் நேரமும் கடல் முழுதாக வற்றும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. கடல் இறங்கும்போதுதான் ஏரித் தண்ணீர் வெளியே ஓடிக் கட்டிகளைக் கொண்டு வரும். புயல் வேறு அடித்திருக்கிறது.

இரவு பத்து மணிக்குக் காற்று நின்றது.

ஆறாம் நாள்

அதே கரையா என்று இருந்தது.

நேற்று முன்தினம் முழங்கால் உயரக் கட்டிகள் கிடந்த இடத்தில் இன்று கார் அளவுக்கு இரண்டு பாளம், ஆள் உயரத்துக்கு ஏழெட்டு. புயல் அலை அவற்றை மணல்மேட்டின் மேல்வரை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தது. கடல் நூறு அடி தள்ளி இருந்தது. சாலை இப்போதுதான் திறந்ததால் ஆட்கள் குறைவு.

கேமராவை வெளியே எடுக்காமல் கரையை முழுக்க ஒரு நடை நடந்து வருவது என்று நேற்றே முடிவு செய்திருந்தேன். வெளிச்சம் வர முக்கால் மணி நேரம் இருந்தது. நெற்றி விளக்கோடு நடந்தோம்.

கட்டிகள் எல்லாம் ஒரே நிறம் இல்லை. சில வெள்ளை, உள்ளே காற்றுக் குமிழி நிறைந்தவை, சர்க்கரை மாதிரி பொரபொரத்தவை. சில கண்ணாடி. சில அடி ஆழத்து நீலம். பல நூறு வருடம் மேலே பனி விழுந்து விழுந்து அமுக்கியதில் குமிழியெல்லாம் நசுங்கி இறுகிய பனி அது. அதற்குள் போகும் வெளிச்சத்தில் சிவப்பைப் பனி உறிஞ்சிக்கொள்கிறது. நீலம் மட்டும் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. புதிதாக உடைந்த அல்லது புரண்ட கட்டியில்தான் அந்த நீலம் இருக்கும். வெயிலும் காற்றும் பட்டுக்கொண்டே இருந்தால் மேற்பரப்பில் விரிசல் விழுந்து வெளுத்துவிடும். அப்புறம் கறுப்புக் கட்டிகள். உள்ளே சாம்பல் படலம், பழைய எரிமலை வெடிப்பில் பனியின் மேல் விழுந்து, அடுத்த வருடப் பனியால் மூடப்பட்டது. ஒரு பாளத்தில் அது கோடாக ஓடியது. பென்சிலால் இழுத்த மாதிரி, விரல் அகலத்துக்கு.

அக்கா ஒரு கட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். "இங்க வந்து காதை வையேன்" என்றாள்.

குல்லாவை விலக்கிக் காதை ஒட்டினேன். உள்ளே சின்னச் சின்ன வெடிப்பு. சட், சட், பிறகு ஒரு நீண்ட நெறிப்பு. பனி உருக உருக, உள்ளே அமுங்கிக் கிடந்த காற்று வெளியே வருகிறது. பல நூறு வருடத்துக்கு முன் விழுந்த பனியோடு அடைபட்ட காற்று. காது மரத்துப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிழக்கு வெளுத்ததும் அந்தக் கட்டியைத்தான் எடுத்தேன். நல்ல பெரிய பாளங்கள் பக்கத்திலேயே கிடந்தன, இருந்தாலும் இதுதான். மிகக் கிட்டத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் மாற்றி, ட்ரைபாடைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, படுத்துக்கொண்டேன். உள்ளே குமிழிகள் ஒரே பக்கமாக இழுபட்டு நீண்டிருந்தன, அரிசி மணிகள் மாதிரி. பனியாறு மலையிலிருந்து இறங்கி வந்தபோது பனி நெளிந்து நகர்ந்த திசை அது. மணிகளுக்கு நடுவே ஒரு சாம்பல் துகள். அதைச் சுற்றி மட்டும் பனி குழிந்து உருகியிருந்தது. கறுப்பு வெயிலை வாங்கிக்கொள்ளும், சுற்றியுள்ள பனியை உருக்கும். பனியாறு முழுக்க நடப்பது இந்த நகக்கண் அளவு இடத்திலும் நடந்திருக்கிறது.

அவ்வளவு கிட்டத்தில் போனால் ஃபோகஸ் ஒரு மில்லிமீட்டர்கூட ஆழம் தராது. லென்ஸின் துளையான அபெர்ச்சரைச் சுருக்கினாலும் போதவில்லை. முன்னாலிருந்து பின்னாலே கொஞ்சம் கொஞ்சமாக ஃபோகஸை நகர்த்திப் பதினான்கு படம் எடுத்தேன், பிறகு ஒன்றாக அடுக்கிக்கொள்ளலாம் என்று. பதினொன்றாவதில் சூரியன் வந்துவிட்டது. குமிழிகளின் ஓரமெல்லாம் ஆரஞ்சாகப் பற்றிக்கொண்டன. ஒளி மாறியதால் அந்தப் பதினான்கும் ஒன்றோடொன்று சேராது. பரவாயில்லை. பதினொன்றாவது தனியாக நிற்கிறது. முன்னும் பின்னும் மங்கலாக, நடுவில் மூன்றே மூன்று மணிகள் தெளிவாக. வந்ததிலிருந்து எடுத்ததில் இது ஒன்றுதான் சுவரில் இருக்கும் படம் மாதிரி இல்லை.

காலை முழுக்க மொத்தம் அறுபது படம்.

இரவு ஏரிக்கரையில் வடக்கு வானொளி. முதலில் கண்ணுக்குச் சாம்பல் நிற மேகக் கீற்று மாதிரிதான் இருந்தது. கேமராவில் எட்டு வினாடி வைத்தபோது பச்சை. பதினொரு மணிக்குக் கண்ணுக்கே பச்சை தெரிந்தது, கீழ் ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு. நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் பச்சை அது. அது வேகமாக அசைய ஆரம்பித்ததும் எட்டு வினாடியில் திரைச்சீலை மடிப்பெல்லாம் குழம்பிவிடுகிறது. கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200-க்கு ஏற்றி இரண்டு வினாடிக்கு இறங்கினேன். மடிப்பு மடிப்பாக விழுந்தது. ஏரியின் கட்டிகளுக்கு அடிப்பக்கமும் பச்சை ஒளி. குளிரில் பேட்டரி பாதி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதால் மாற்று பேட்டரியை அக்கா தன் உள்சட்டைப் பையில் சூடாக வைத்திருந்து கொடுத்தாள். அறைக்குத் திரும்பியதும் கேமராவை உடனே வெளியே எடுக்கவில்லை. பையோடு மூடி, கதவோரம் வைத்துவிட்டேன். வெளிக்குளிரிலிருந்து நேரே சூட்டுக்கு வந்தால் லென்ஸுக்குள்ளேயே வியர்த்துவிடும்.

ஏழாம் நாள்

பகலில் கிழக்கே ஸ்டோக்ஸ்நெஸ் போய் வந்தோம். வெஸ்ட்ராஹார்ன் மலை உயரம் 454 மீட்டர்தான். கடலோரத் தட்டை நிலத்திலிருந்து நேரே எழும்புவதால் இரண்டு மடங்காகத் தெரிகிறது. கறுப்பு மணல் மேடுகளில் மஞ்சள் புல் கொத்துகள். காற்று புல் நுனியைச் சுழற்றி மணலில் கவராயம் வைத்த மாதிரி வட்டம் வரைந்திருந்தது. மலையை இரண்டு படம் எடுத்தேன், வட்டங்களை முப்பது.

திரும்பும் வழியில் மழை. ஆறரைக்கெல்லாம் அந்தி.

எட்டாம் நாள்

கடைசி விடியல். கடல் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, எட்டரைக்குத்தான் முழுதாக வற்றும். அன்று காதை வைத்துக் கேட்ட கட்டி இருந்த இடத்துக்கு முதலில் போனேன். அடையாளத்துக்குப் பக்கத்திலிருந்த பெரிய பாளம் பாதியாகக் கரைந்து, இடுப்பு ஒடிந்து நின்றிருந்தது. நம் கட்டி இல்லை. மணலில் ஒரு குழி, குழியில் கொஞ்சம் தண்ணீர், அடியில் வட்டமாகப் படிந்த சாம்பல். அந்தக் கறுப்புத் துகள்கள்தான். பனி போய்விட்டது, அது சுமந்து வந்தது மட்டும் இருக்கிறது. அந்தக் குழியையும் எடுத்தேன். பதினொன்றாவது படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய படம் இது.

மேகம் தாழ்வாக இருந்ததால் சூரியன் தெரியவில்லை. கரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வெயில் இல்லாத அந்தச் சாம்பல் வெளிச்சத்தில்தான் நீலம் முழுசாகத் தெரிந்தது. எதிர்வெயிலில் கட்டி பொன்னாக மாறிவிடும், அதன் சொந்த நிறம் தெரியாது. முதல் தடவை இந்தக் கரைக்கு வந்தபோது இப்படி மேகமாக இருந்திருந்தால் நானும் பெருமூச்சு விட்டுக் கிளம்பியிருப்பேன். இன்று ஒன்பது வரை இருந்தேன். புதிதாக வந்து சேர்ந்த ஒரு கட்டி, ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கடும் நீலம், நடுவில் அலை அறுத்த வாசல். அரை வினாடி, கால் வினாடி, ஒரு வினாடி என்று அலை வடிவதை மாற்றி மாற்றி எடுத்தேன். கால் வினாடியில் தண்ணீர் இன்னும் தண்ணீராகவே இருந்தது.

அக்கா இந்த மூன்று நாளில் கரையில் ஒரு சீல் (கடல்நாய்) எப்போதும் தலை தூக்கும் இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். ஆறு கடலில் சேரும் முனையில், இடது பக்கம். எனக்குக் காட்டினாள். பத்து நிமிடத்தில் வந்தது. எங்களைப் பார்த்துவிட்டு முழுகியது.

ரெய்க்யாவிக்குக்கு 370 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும், நாளை காலை விமானம். பத்தரை மணிக்குப் பாலத்தில் ஏறும்போது அக்கா வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வண்டி எதுவும் இல்லை.

"பாரு, உள்ளே போகுது" என்றாள்.

கடல் ஏற ஆரம்பித்திருந்தது. ஆற்றில் தண்ணீர் திசை மாறி ஏரிப் பக்கமாக ஓடியது. கடலுக்கு ஏறக்குறையப் போய்விட்ட ஒரு நீலக் கட்டி, தயங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாகத் திரும்பி எங்களுக்குக் கீழே வந்தது. நான் அந்தப் பக்கத்து ஜன்னலை இறக்கினேன். கட்டி பாலத்துக்கு அடியில் போய் ஏரிப் பக்கம் வெளிவரும்வரை அக்கா வண்டியை நகர்த்திக்கொண்டே வந்தாள்.